சிவப்புத்தாள் ஒட்டாத வாசல்

அம்மா வீடியோவில் வந்தபோது என் கை முழங்கைவரை மாவாக இருந்தது. பிஷ்கேக்கில் மாலை நான்கு என்றால் எங்கள் ஊரில் ஆறு. விடிந்தால் சீனப் புத்தாண்டு, குடும்பமே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் நேரம். விடுதிச் சமையலறையில் சீன மாணவர்கள் ஏழு பேர் கொழுக்கட்டை பிடித்துக்கொண்டிருந்தோம். பன்றிக்கறி தேடிச் சந்தை முழுக்க அலைந்து, கடைசியில் ஆட்டுக்கறியோடு சமாதானமாகிவிட்டோம். என் அறைத்தோழி ஜிபெக், இந்த ஊர்க் கிர்கிஸ் பெண், மாவு தேய்க்கிறேன் என்று வந்து நக்கலை மட்டும் ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தாள்.

"எங்க ஊரு மந்திக் கொழுக்கட்டையத்தான் சின்னதாப் பிடிச்சு வெச்சுக்கிட்டு என்னா அலட்டு அலட்டுறீங்கடி."

"நீ பிடிச்சத முதல்ல பாரு. வாயத் தொறந்துக்கிட்டு நிக்குது," என்று சொல்லிவிட்டுப் போனை எண்ணெய் பாட்டிலில் சாய்த்து வைத்தேன்.

"எளைச்சுட்டியேடி ருய்சின்," என்றாள் அம்மா. எப்போதும் அதுதான் முதல் வார்த்தை. "பரீட்சைக்கு இன்னும் எத்தன நாளு?"

"பத்து நாளும்மா. அப்பா இன்னைக்குக்கூட வரலையா?"

"அந்தப் பாலம் மலைக்குள்ள இல்ல இருக்கு. லீவு குடுக்க மாட்டேனுட்டாங்க. சிக்னலும் இல்ல, பாவம்."

இரண்டு மாதமாக இதே பதில், இதே வேகம். நம்பாமல் இருக்க எனக்குக் காரணமில்லை. பாலம் கட்டுகிறவர் வீட்டில் இதெல்லாம் சகஜம். போன வருடப் புத்தாண்டுக்கும் அவர் வரவில்லை.

அதற்குள் வெளியே வெடிச்சத்தம். "எதிர்வீட்டு வெடியப் பாரு பாப்பா!" என்று அண்ணன் தோங்லே போனைப் பிடுங்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினான். புகை, குழந்தைகளின் கூச்சல், எதிர்வீட்டு வாசல் நிலையின் இரண்டு பக்கமும் புத்தாண்டு வாழ்த்து எழுதிய புதுச் சிவப்புத்தாள். பக்கத்து வீட்டிலும் அப்படியே. அவன் திரும்பி உள்ளே நுழைந்தபோது எங்கள் வாசல் நிலை ஒரு கணம் தெரிந்தது. மொட்டையாக இருந்தது. போன வருடத் தாளையும் சுரண்டி எடுத்திருந்தார்கள்.

சாவு விழுந்த வீட்டில் அந்த வருடம் சிவப்பு ஒட்டுவதில்லை. எங்கள் ஊரில் நடக்கப் பழகும் குழந்தைக்கும் இது தெரியும். எங்கள் வீட்டில் நாங்கள் நான்கே பேர். மூன்று பேர் இந்தப் போனின் இரு பக்கமும் இருந்தோம்.

"காத்துல கிழிஞ்சு போச்சுடி," என்றாள் அம்மா. நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. எப்போது, எப்படி, எங்கே புதைத்தார்கள், யார் சுமந்தார்கள்? நான் இங்கே இரண்டு மாதம் சினிமா பார்த்துச் சிரித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். வாய்விட்டுக் கேட்டிருக்கலாம். ஆனால் பரீட்சை முடியும்வரை என்று அம்மா பல்லைக் கடித்துக் கட்டி வைத்திருந்தது நான் கேட்கும் ஒற்றைக் கேள்வியில் அவிழ்ந்துவிடும். அதுவும் இன்றைக்கு. இந்த நாளில் அழுதால் வருடம் முழுக்க அழவேண்டியிருக்கும் என்று நம்புகிறவள் அவள். எனக்கும் அழ இடமில்லை. சுற்றிலும் ஆறு பேர் பாடிக்கொண்டிருந்தார்கள், ஜிபெக் என் கன்னத்தில் மாவைத் தடவிவிட்டு ஓடினாள்.

"ஆமாம்மா. அந்தக் குளிருல பசை எங்க ஒட்டும்," என்றேன்.

அம்மாவின் தோள் இறங்கியது. தப்பித்துவிட்டோம் என்று நினைத்திருப்பாள். அதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை.

"அப்பாகிட்டப் பேசுனா, சூடா நாலு கொழுக்கட்டை சாப்பிடச் சொல்லு."

"சொல்றேன்," என்று சொல்லிவிட்டு அம்மா பக்கவாட்டில் பார்த்தாள். அண்ணன் தலையைக் குனிந்து மேசைக்கடியில் எதையோ செய்துகொண்டிருந்தான்.

என் திரையின் மேலிருந்து ஒரு செய்தி இறங்கி அம்மாவின் நெற்றியை மறைத்தது. அப்பாவின் பெயர். 'இப்பதான் சிக்னல் கிடைச்சுது. சாப்பிட்டேன்மா. நல்லாப் படி.' எழுத்தில் தட்ட அவருக்குப் பொறுமையே கிடையாது. எதுவானாலும் போனுக்குள் கத்தித்தான் அனுப்புவார். அண்ணன் நிமிர்ந்தான். இருவரும் என்னையே பார்த்தார்கள்.

'சரிப்பா' என்று தட்டினேன். அனுப்பினால், அப்பாவின் போன் அண்ணன் மடியில் ஒலிக்கும். எனக்கும் கேட்கும், கேட்டது அவர்களுக்கும் தெரிந்துவிடும். மாவு படிந்த கட்டைவிரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது. திரையில் அம்மா முகத்தை இன்னும் கிட்டே கொண்டுவந்து, சிரித்தபடி காத்திருந்தாள்.