கம்பம் போதாத வேலி

சபைக்கு எழுபத்தைந்து வருஷம் ஆகிறது, வரலாறு எழுத வேண்டும் என்றதும் எல்லோரும் ராக்னில்டைத்தான் பிடித்தார்கள். அமெரிக்காவில் நார்வேக்காரர்கள் வந்து குடியேறிய வடக்கு டகோட்டாவின் அந்த மூலையில் பழைய நார்வேக் கையெழுத்தைப் படிக்க வேறு யார் இருக்கிறார்கள்? பிள்ளைகள் இங்கிலீஷிலேயே ஜெபிக்கிற காலம். வேலையைத் தலையில் கட்டியதோடு விட்டார்களா? கல்லறைப் பட்டியலில் வேலிக்கு உள்ளே இருப்பவர்கள் பெயர் மட்டும் போதும் என்றும் சொல்லிவிட்டார்கள். அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் புருஷன் ஷூர் வேலிக்கு வெளியே கிடந்தான். மழையே பார்க்காத முப்பத்தாறாம் வருஷம், கோதுமை கருகி, மாடுகள் செத்து, மனசு விட்டுப்போய்த் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டவன். பிரதிஷ்டை செய்த மண்ணில் அப்படிப்பட்டவனுக்கு இடமில்லை என்று கூட்டம் போட்டுச் சொன்னது சபை. வடக்கு வேலியைத் தாண்டிப் புல்தரையில் புதைத்தார்கள். இப்போது அவளுக்கும் அறுபத்தெட்டு. செத்தால் அவன் பக்கத்தில்தான் கிடக்க வேண்டும். ஆனால் நாயைப் புதைத்த மாதிரி வெளியே அல்ல. அவள் ஆசை அவ்வளவுதான்.

பழைய பதிவேடு எல்லெஃப் வீட்டுப் பெட்டியில் இருந்தது. அவன் சபைத் தலைவன், முதல் செயலாளரின் மகன், சிறுவயதில் அவளோடு ஒன்றாக வேதபாடம் படித்துத் திடப்படுத்தல் எடுத்தவன். ஏப்ரலில் ஒருநாள் தானே வந்து அதை அவள் சமையலறை மேஜையில் வைத்துவிட்டு, காப்பி கூடக் குடிக்காமல் போய்விட்டான். காப்பியை வேண்டாமென்கிற நார்வேக்காரனும் உண்டா!

மே மாதம், கல்லறைத் தோட்டத்தைச் சுத்தம் பண்ணும் நாளன்று காலையில்தான் பதிவேட்டின் ஒரு பக்கம் அவள் கண்ணில் பட்டது. மூன்று தரம் படித்தாள். தலைத்துணியைக் கட்டிக்கொண்டு புத்தகத்தோடு தேவாலயத்துக்குப் போனாள். எல்லெஃபும் இளம் போதகரும் காய்ந்த புல்லை வாரிக்கொண்டிருந்தார்கள்.

"போதகரே, ஷூர் வேலிய விட்டு எத்தனை அடி தள்ளி இருக்கான்? அளந்து சொல்லுங்க."

போதகர் ஒன்றும் புரியாமல் கம்பிக்கு அந்தப்புறம் போய் அளந்தார். "கல்லறையோட அந்தக் கடைசி வரைக்கும் ஒன்பது அடிம்மா. ஏன்?"

அவள் உரக்கப் படித்தாள். "இரண்டு ஏக்கரும் முழுவதும் பிரதிஷ்டை செய்யப்பட்டது. மரமில்லாத சீமையானபடியால் கம்பம் போதவில்லை. வடக்கு வேலி பன்னிரண்டு அடி உள்ளே தள்ளிப் போடப்பட்டது. கம்பம் கிடைத்ததும் எல்லைக்கு நகர்த்த வேண்டும்."

"ஐயோ, அப்போ இவர் இத்தனை வருஷமா..." என்றார் போதகர்.

ராக்னில்ட் எல்லெஃப் பக்கம் திரும்பினாள். "உனக்குத் தெரியுமா?"

அவன் தொப்பியைக் கழற்றினான். "தெரியும். அப்பா சாகறதுக்கு முன்னாடி சொன்னார். முப்பதாம் வருஷத்துல."

"அப்போ அன்னைக்குக் கூட்டத்துல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, பாவி! வாய் எதுக்கு உனக்கு? சபை விருந்துல மீன் திங்க மட்டுமா?"

"எல்லாரும் ஒரே பக்கமா நின்னாங்க, பயந்துட்டேன். அப்புறம் நாளாக நாளாக உன் முகத்தப் பார்த்துச் சொல்லத் தைரியம் வரல. அதான் புத்தகத்தக் கொண்டாந்து வச்சேன்."

இருபத்து மூன்று வருஷம்! அடிக்கலாம் போலிருந்தது அவளுக்கு.

"கடப்பாரைய எடு," என்றாள். "வேலியப் பிடுங்கு."

போதகர் கைகொடுக்கப் போனார். "விடுங்க போதகரே. அவனே செய்யட்டும்."

எல்லெஃப் செய்தான். மூச்சு வாங்க, கண் கலங்க, ஒவ்வொரு கம்பமாகப் பிடுங்கினான். நாலாவது சாய்ந்ததும் கம்பி தரையில் விழுந்தது. எப்போதும் ரோட்டைச் சுற்றிக்கொண்டு வருகிறவள் இன்று கல்லறைகளின் நடுவே நேராக நடந்துபோய்ப் புல்லில் உட்கார்ந்தாள். மண்ணில் கையை வைத்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"கேட்டியா ஷூர்? உன்ன யாரும் வெளிய போடலய்யா. நீ உள்ளதான் இருந்திருக்கே."