பென்சிலில் எழுதிய வாக்குமூலம்

"பொய் சொன்னா அடி விழும். உண்மையச் சொன்னா என்ன விழும்?"

ஏழு வயதுப் பெண் குழந்தை ஒருத்தி மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் இப்படிக் கேட்டாள். குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். புகார் வந்த வீடுகளுக்குப் போய் விசாரித்து எழுதிக்கொண்டு வருவதுதான் என் வேலை. குழந்தைகளிடம் எப்படிக் கேள்வி கேட்க வேண்டும் என்று பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். குழந்தை கேட்டால் என்ன பதில் சொல்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

"ஒண்ணும் விழாது கண்ணு. நான் பாத்துக்கறேன்," என்றேன்.

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன்!

புகார் தொலைபேசியில் வந்தது. "மூணாவது மாடியில ஒரு குழந்தை அழற சத்தம் கேக்குது. அழற சத்தம்கூட இல்ல, அழுகைய முழுங்கற சத்தம்," என்று சொல்லிவிட்டு யாரோ வைத்துவிட்டார்கள். யார் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது.

அந்த வீட்டுக்காரர் டியூஷன் மாஸ்டர். தெருவுக்கே அவர்மேல் மரியாதை. கீழே இருந்த கடையில் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன்.

"மாஸ்டரா? தங்கமான மனுஷன். அவர்கிட்ட போன பிள்ளை எதுவும் சோடை போனதில்ல," என்றார் கடைக்காரம்மா.

"வீட்டுப் பிள்ளைய அடிப்பாராமே?"

"அடிக்கிற கைதானேம்மா அணைக்கும்."

"அணைச்சத நீங்க பாத்திருக்கீங்களா?"

கடைக்காரம்மா அவசரமாகச் சில்லறை தேட ஆரம்பித்தார்.

நான் போன நேரம் மாஸ்டர் வெளியே போயிருந்தார். குழந்தையின் அம்மா என்னைக் கண்டதும் பயந்து, பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்து வருவதாகச் சொல்லி உள்ளே போனார். குழந்தையிடம் தனியாகப் பேச வேண்டும் என்பது எங்கள் விதி. இரண்டே அறை உள்ள வீட்டில் தனிமைக்கு எங்கே போவது? வாசலுக்கு வெளியே மாடிப்படியில் அவள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். ஊர்க்கதை, பள்ளிக்கதை எல்லாம் பேசி முடித்த பிறகு அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள். நான் அந்தப் பதிலைச் சொன்னேன். அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பேசத் தொடங்கினாள்.

அந்த நேரம் பார்த்து என் பேனா நின்றுபோனது. உதறினேன், ஊதினேன், உள்ளங்கையில் கிறுக்கினேன். வரவில்லை.

"இந்தாங்க ஆன்ட்டி," என்று தன் பென்சிலை நீட்டினாள். "ஆனா திருப்பித் தந்துடணும். அப்பா எண்ணுவாரு."

அடிப்பக்கம் கடித்துக் கடித்துத் துணுக்காகியிருந்த பென்சில். அதன் கழுத்தில் பச்சை நூல் சுற்றியிருந்தது. தொலைந்தால் அடையாளம் தெரிய வேண்டும் என்று வீட்டில் உள்ள எல்லாப் பென்சிலுக்கும் மாஸ்டர் நூல் சுற்றி வைப்பாராம்.

தப்பான விடை ஒவ்வொன்றுக்கும் விரல் முட்டியில் மர ஸ்கேலின் விளிம்பால் ஓர் அடி. அழுதால் அந்தக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுதினேன். எட்டு நிமிடம் பேசியிருப்பாள். அவள் பேசத் தொடங்கினபோதே கீழ்ப்படித் திருப்பத்தில் ஓர் ஆள் வந்து நின்றார். தோளில் பெரிய தண்ணீர் கேன். போகவும் இல்லை, வரவும் இல்லை. ஆள் நிற்கிற இடத்தைப் பார் என்று எனக்கு எரிச்சல். முறைத்தேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

உள்ளே பீரோவைச் சாத்தும் சத்தம் கேட்டது. நோட்டைச் சட்டென்று மூடினேன். அம்மா சான்றிதழோடு வந்தார். பார்த்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டு, இறங்கி வந்துவிட்டேன்.

எங்கள் மேலதிகாரியை நாங்கள் முத்திரை ஐயா என்போம். சாப்பாட்டுத் தட்டிலும் முத்திரை குத்தின பிறகுதான் கை வைப்பார் என்று எங்கள் டைப்பிஸ்ட் அக்கா சொல்வார். அவர் என் தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"இது என்னம்மா?"

"குழந்தையோட வாக்குமூலம் சார்."

"அது தெரியுது. பென்சில்ல இருக்கே?"

"பேனா நின்னுபோச்சு சார்."

"நாளைக்கு அவங்க வக்கீல் வந்து, ரப்பரால அழிச்சுட்டு நீங்களே எழுதிக்கிட்டீங்கன்னு சொன்னா நான் என்ன பதில் சொல்றது? மறுபடி போய்க் கேட்டு மசியில எழுதிட்டு வாங்க."

"மறுபடியும் அந்தக் குழந்தைய வாய் திறக்க வைக்கறது கல்லுல நார் உரிக்கற மாதிரி சார்."

"எனக்கும் புரியுது. விதி இருக்கே."

விதிப்படி இரண்டாவது தடவை போவதென்றால் மூன்று நாள் முன்னதாகப் பெற்றோருக்குக் கடிதம் போக வேண்டும். அவர்களும் கூட இருக்க வேண்டும். திருடனுக்கு நாள் குறித்துக் கொடுத்துவிட்டுப் பிடிக்கப் போகிற கதைதான். கத்த வேண்டும் போல இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? பேனாவில் மசி பார்க்காமல் போனது நான்தானே.

நோட்டுக்குள் பென்சில் இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அடுத்த தடவை போகும்போது கொடுத்துக்கொள்ளலாம் என்று பையில் போட்டேன். "அப்பா எண்ணுவாரு" என்று அவள் சொன்னது என் நினைவுக்கு வரவே இல்லை.

கடிதம் போய், நாள் வந்து, நான் போனபோது மாஸ்டர் வாசலிலேயே நின்று வரவேற்றார்.

"வாங்க மேடம், வாங்க. உக்காருங்க. எங்க வீட்டுல ஒளிக்க ஒண்ணுமில்ல."

கரும்பலகை பளபளவென்று துடைத்திருந்தது. அதன் பக்கத்தில் குழந்தை நின்றாள். வலது கையின் இரண்டு விரல்களைச் சேர்த்துத் துணி சுற்றியிருந்தது. துணிக்கு மேலே வீக்கம்.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"கதவுல நசுங்கிடுச்சு," என்றார் அம்மா, தரையைப் பார்த்துக்கொண்டு.

"பொருளோட அருமையே தெரியறதில்ல மேடம் இவளுக்கு," என்றார் மாஸ்டர், ஏதோ வேடிக்கை சொல்வதைப் போல. "நீங்க வந்துட்டுப் போன அன்னிக்கு ஒரு பென்சிலத் தொலைச்சுட்டு நின்னா. எங்கடின்னா வாயத் திறக்கல. அழுத்தக்காரி!"

எழுதுவதற்குப் பேனா எடுக்கப் பைக்குள் விட்டிருந்த என் கையில் அந்த நூல் தட்டுப்பட்டது.

வெளியே எடுத்தால், படியில் அவள் என்னோடு உட்கார்ந்து பேசியது அவருக்குத் தெரிந்துவிடும். எடுக்காமல் இருந்தால் அந்தப் பழி அவள்மேலேயே நிற்கும். நான் அவளைப் பார்த்தேன். அவள் என் பையைப் பார்த்தாள். பிறகு நான் கேட்காமலே சொன்னாள்:

"ரோட்டுல விழுந்துடுச்சு ஆன்ட்டி."

பொய் சொன்னால் என்ன விழும் என்று நன்றாகத் தெரிந்த குழந்தை. என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க அந்தப் பொய்யைச் சொன்னது. குழந்தைகளைக் காப்பாற்றத்தான் எனக்குச் சம்பளம். அன்றைக்கு அந்த அறையில் யார் யாரைக் காப்பாற்றினார்கள்?

"அப்பா அடிப்பாரா கண்ணு?" விதிப்படி கேட்டேன்.

"இல்ல ஆன்ட்டி."

பேனா அன்று அருமையாக எழுதியது.

டாக்டரிடம் கூட்டிப் போனேன். "கதவுல நசுங்கினாலும் இப்படி இருக்கும், அடிச்சாலும் இப்படி இருக்கும். நான் ரெண்டையும் எழுதித் தரேன்," என்றார் அவர். வேறு வழியில்லாமல் குழந்தையைத் திரும்ப அதே வீட்டு வாசலில் விட்டேன். கையை விடும்போது அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஏதாவது கேட்டிருந்தால் தேவலை.

பேருந்து நிறுத்தத்தில் நின்று கண்ணை மூடிக்கொண்டேன். நான் பெரிய வேண்டுதல் எதுவும் வைக்கிறவள் இல்லை. "கடவுளே, எனக்கு வேற வேலை தெரியாது. தெரிஞ்ச வேலையும் ஒழுங்காத் தெரியல. ஏதாவது செய்," என்றேன். சண்டை போடுகிற குரலில்தான் சொன்னேன்.

மறுநாள் டாக்டர் சீட்டை முத்திரை ஐயா இரண்டு தடவை படித்தார்.

"ரெண்டையும் எழுதினா ஒண்ணையும் எழுதாத மாதிரிதானேம்மா."

"அப்ப அந்தக் குழந்தையோட இன்னொரு கையும் நசுங்கற வரைக்கும் காத்திருக்கலாமா சார்?"

அலுவலகமே நிமிர்ந்து பார்த்தது. அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விதிப்புத்தகத்தை எடுத்தார். ஏடு ஏடாகப் புரட்டினார். அரை மணி நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார்.

"அந்தக் குழந்தை பேசினத வேற யாராவது கேட்டாங்களா? வீட்டு ஆளா இருக்கக் கூடாது, நம்ம ஆளாவும் இருக்கக் கூடாது. அப்படி ஒருத்தர் பக்கத்துல கையெழுத்துப் போட்டா பென்சில் எழுத்தும் செல்லும்."

யாரும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் நான் முறைத்த அந்த ஆள் நினைவுக்கு வந்தார்.

தண்ணீர்க் கடையில் கேன்களைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"நான் ஒட்டுக் கேக்கல மேடம். சத்தியமா."

"திட்ட வரல அண்ணே. அன்னிக்கு ஏன் அங்கயே நின்னீங்க?"

"நீங்க ரெண்டு பேரும் படிய அடைச்சு உக்காந்திருந்தீங்க."

"கேனயாவது இறக்கி வெச்சிருக்கலாமே. எட்டு நிமிஷம் தோள்லயே வெச்சிருந்தீங்களே?"

அவர் கையிலிருந்த பிரஷ்ஷைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இறக்கினா டம்முனு சத்தம் கேக்கும் மேடம். பாப்பா அப்பத்தான் பேச ஆரம்பிச்சிருந்துச்சு. பயந்து நிறுத்திட்டா, மறுபடி பேசுமா?"

இருபது லிட்டர். நான் முறைத்ததையும் சேர்த்துச் சுமந்திருக்கிறார்.

விஷயத்தைச் சொன்னேன். கையெழுத்துப் போட்டால் பெயர் வெளியே தெரியும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

"அந்தக் கட்டடத்துல பதினோரு வீடு மேடம்," என்றார். "மாஸ்டர் ஒரு வார்த்தை சொன்னா எல்லாம் வேற ஆள்கிட்ட போயிடும்."

"தெரியும் அண்ணே."

கொஞ்ச நேரம் குழாயில் தண்ணீர் கொட்டுவதையே பார்த்தார். பிறகு குழாயை மூடினார். தாள் நனையக் கூடாது என்று இரண்டு கையையும் சட்டையில் நன்றாகத் துடைத்துக்கொண்டார்.

"எங்க போடணும்? பேர் மட்டுந்தான் எழுத வரும். போதுமா?"

"அது போதும் அண்ணே."

எழுதினதை முதலில் படித்துக் காட்டினேன். நடுவில் நிறுத்தி, "அழுதா முதல்லருந்து எண்ணுவாருன்னு சொல்லுச்சே, அத எழுதிட்டீங்களா?" என்று கேட்டார். எழுதியிருந்தேன்.

குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் மாஸ்டர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பென்சில் என்னிடமே தங்கிவிட்டதையும் சேர்த்து நான் சொன்ன எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒரு பென்சிலுக்கா இவ்வளவு?" என்று சிரித்தார்.

"ஆமா," என்றார் முத்திரை ஐயா. "ஒரு பென்சிலுக்குத்தான் அந்தக் குழந்தைக்கு ரெண்டு விரல் நசுங்கிப்போச்சு."

அவர் விதிப்புத்தகத்தில் இல்லாத ஒரு வாக்கியம் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

குழந்தையை எங்கே விடலாம் என்று குழுத் தலைவி கேட்டபோது யாரும் எதிர்பார்க்காத இடத்திலிருந்து குரல் வந்தது. "எங்க அக்கா வீடு பக்கத்துத் தெருவுலதான்," என்றார் அம்மா. அவ்வளவுதான் அவரால் முடிந்தது. அன்றைக்கு அதுவே மலையைப் புரட்டின மாதிரி.

மூன்று மாதத்துக்குக் குழந்தை பெரியம்மா வீட்டில் இருக்கலாம், பிறகு மறுபடி பார்க்கலாம் என்று உத்தரவு. ஜெயித்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். மூன்று மாதம் என்பது பள்ளியில் ஒரு பருவம். மாஸ்டரின் டியூஷனில் கூட்டம் குறையவில்லை. நாலு வீட்டில் கேன் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். அண்ணனிடம் கேட்டால், "தோள் கொஞ்சம் ஓய்வெடுக்குது மேடம்," என்கிறார்.

போன வாரம் பெரியம்மா வீட்டுக்கு விசாரணைக்குப் போனேன். மத்தியான நேரம். பெரியம்மா தையல் வேலை செய்கிறவர்.

"பாப்பா கீழ விளையாடறா. இருங்க, இந்த ஒரு சட்டைக் கையத் தெச்சுட்டு வந்துடறேன்," என்று உள்ளறைக்குப் போனார்.

நாற்காலியில் பள்ளிப்பை தொங்கியது. மேலேயே பென்சில் டப்பா. கீழே இருந்து குழந்தைகளின் கூச்சல் கேட்டது. அதில் ஒரு குரல், "நீ அவுட்டு! நீதான் அவுட்டு!" என்று சண்டை பிடித்தது. அவள் குரல்தான். சத்தம் போட்டுச் சண்டை பிடிக்கிற அளவுக்கு வந்துவிட்டாள்.

என் பையிலிருந்து பென்சிலை எடுத்தேன். முதல் நாள் சாயங்காலமே கூர் சீவி வைத்திருந்தேன். கழுத்தில் இருந்த பச்சை நூலை நகத்தால் பிரித்து எடுத்துவிட்டேன். நூல் இருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. அடிப்பக்கத்தில் அவள் பல் பதிந்த தழும்பு அப்படியே இருந்தது. அடையாளத்துக்கு அது போதும்.

டப்பாவில் மற்றப் பென்சில்களுக்கு நடுவில் அதை வைத்து, சத்தம் வராமல் மூடினேன். உள்ளே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.