அறுபத்தெட்டுச் சதுர மீற்றர் அமெரிக்கா

பலெர்மோ நகரத்தின் சீசாப் பகுதியில், பேருந்துத் தரிப்புக்கு எதிரேயுள்ள கட்டடத்தின் மூன்றாம் மாடி வீடொன்றில், 2016ஆம் ஆண்டு பங்குனி மாதத்திலிருந்து அமெரிக்க அரசியல் சட்டம் நடைமுறையில் இருந்தது. வீட்டின் பரப்பு அறுபத்தெட்டுச் சதுர மீற்றர். குளியலறையும் அதில் அடக்கம். படிக்கட்டில் இத்தாலியச் சட்டம், செருப்புக் கழற்றும் இடத்திலிருந்து உள்ளே அமெரிக்கச் சட்டம் என்று எல்லை தெளிவாக இருந்ததால் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை.

அது செலஸ்ரீனாவின் பிழையால் வந்தது. மன்னாரில் பிறந்த செலஸ்ரீனா ஏழு வருடம் ஒரு வயதான அமெரிக்கச் சிஞ்ஞோராவைப் பராமரித்தாள். அந்த அம்மா தன் நாட்டில் சட்டம் படிப்பித்தவர். கடைசிக் காலத்தில் ஒவ்வொரு மாலையும் உள்ளங்கை அகல நீலப் புத்தகம் ஒன்றை உதடு அசைய வாசிப்பார், சில பக்கங்களில் கண்ணைத் துடைத்துக்கொள்வார். உதடு அசைய வாசித்து அழுகிற புத்தகம் ஜெபப் புத்தகமாகத்தான் இருக்கும் என்று செலஸ்ரீனா நினைத்தாள். ஆங்கிலம் தெரியாத யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். சிஞ்ஞோரா இறந்தபோது பிள்ளைகள் வந்து தளபாடங்களை ஏற்றிக்கொண்டு புத்தகத்தை இவளிடம் விட்டுப் போனார்கள். அவள் அதைப் பங்குத்தந்தையிடம் கொடுத்து ஆசீர்வதித்து வாங்கி, வீட்டுப் பீடத்தில் மடு மாதாவுக்கும் அந்தோனியாருக்கும் நடுவே வைத்தாள். அதே நாளில், பாம்பு அண்டாமலிருக்க எங்கள் சனம் செய்வதுபோல, போத்தலில் கொண்டுவந்திருந்த மடு மண்ணை வாசற்படியிலும் சுவரோரமெங்கும் தூவினாள். மூன்றாம் மாடிக்கு எந்தப் பாம்பு வரும் என்று கணவன் கிறிகோரி கேட்டான். “வராட்டி நல்லதுதானே” என்றாள்.

நான்கு கிழமை கழித்துப் பொலிஸ் வந்தது. ஸ்ஃபெர்ராகவால்லோவில் கிறிகோரி கோப்பை கழுவிய சாப்பாட்டுக் கடைக்காரர் அவன் பெயரைப் பதியாமலே வேலை வாங்கியிருந்தார். வேலைக்கு அத்தாட்சி இல்லையென்று பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள், நாட்டைவிட்டு வெளியேறச் சொல்லிக் கடிதமும் வந்திருந்தது. கூட்டிப்போக வந்த இருவரில் மீசைக்காரர் முதலில் காலை உள்ளே வைத்தார். கால் தரைக்கு ஒரு சாண் மேலே நின்றுவிட்டது. மற்றக் காலை வைத்துப் பார்த்தார். பின்பக்கமாகவும் வந்து பார்த்தார். அரைமணி நேரம் பாடுபட்டுவிட்டு, வீட்டில் ஆளில்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். கிறிகோரி கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அவர்கள் எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

புத்தகம் என்னவென்று சொன்னவன் ஹரிஷ். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையன், பல்கலைக்கழகத்தில் சட்ட ஆராய்ச்சி செய்பவன், இடியப்பத்துக்காக ஞாயிறுகளில் அங்கே வருவான். “அக்கா, இது ஜெபப் புத்தகம் இல்ல, அமெரிக்காவோட அரசியல் சட்டம். நீதிபதி கையெழுத்து இல்லாம யாரும் வீட்டுக்குள்ள வந்து ஆளைப் பிடிக்க முடியாது, அதான் அவங்க காலு நின்னிருக்கு.” செலஸ்ரீனா பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. “எந்தப் புத்தகமெண்டால் என்ன தம்பி, காவல் செய்யுதெல்லோ” என்றாள். நீதிபதியின் கையெழுத்தோடு வந்தால் கால் உள்ளே இறங்கிவிடும் என்பதை அவர்கள் ஒருவருக்கும் சொல்லவில்லை. பொலிசாருக்கும் அது தோன்றவில்லை. கதவு நிலையில் ஏதோ கோளாறு என்றுதான் அவர்கள் கோப்பில் எழுதி வைத்திருந்தார்கள்.

அதன்பிறகு கிறிகோரி ஒன்பது வருடம் வாசலைத் தாண்டவில்லை. இடியப்பம் அவித்துப் பங்குச் சனத்துக்குக் கொடுத்தான். வீட்டுக்குள் மற்றச் சட்டங்களும் ஒவ்வொன்றாகத் தெரியவந்தன. ஒரே குற்றத்துக்கு ஒருவரை இரண்டு முறை விசாரிக்க முடியாது என்பதால் செலஸ்ரீனாவால் கணவனை ஒரு பிழைக்கு ஒரு தடவைதான் ஏச முடிந்தது. இரண்டாம் தடவை வாய் திறந்தால் சத்தம் வராது. அவர்களுடைய மகள் அமலினியோடு படித்து இராணுவத்தில் சேர்ந்த பெடியன் ஒருவன் சோபாவில் கண்ணயர்ந்து, எழும்பியபோது தலையணையோடு படிக்கட்டில் கிடந்தான். வீட்டுக்காரரின் சம்மதமில்லாமல் படைவீரர் தங்கக்கூடாதாம். ஞாயிற்றுப் பூசை முடிந்து சனம் அங்கே பேசுவதற்கென்றே வரத் தொடங்கியது. அங்கே ஒருவர் பேசும்போது இன்னொருவரால் வாயை அடைக்க முடியாது. இருபது வருடமாக எதையும் சொல்லாத ஜோக்கிம் என்ற தலைமன்னார் மனிதர், தம்பியைக் கூட்டிக்கொண்டு போனவர்களின் பெயர்களை அங்கேதான் முதன்முதலாகச் சொன்னார். சொல்லிவிட்டு இரண்டு தட்டு இடியப்பம் சாப்பிட்டார்.

ஆனால் கிறிகோரிக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். அமலினிக்குக் கல்யாணம் நடக்கும்வரை அவளோடு இருக்கவேண்டும், அவள் தேவாலயத்துக்குப் புறப்படும்போது தன் கையால் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பவேண்டும். அப்போது பதினைந்து வயதாயிருந்த பிள்ளைக்கு அதைச் சொன்னபோது அவள் வெட்கப்பட்டு அறைக்குள் ஓடிவிட்டாள்.

சென்ற வருடம் எல்லை சுருங்கத் தொடங்கியது. முதலில் கண்டுபிடித்தவர் மீசைக்காரர்தான். வருடத்துக்கு இரண்டு முறை வந்து வழக்கம்போல் காலை நீட்டுகிறவர், அன்று நடைக்குள் தடாலென்று வந்து விழுந்தார். எல்லோருக்கும் சங்கடமாகப் போயிற்று. கிறிகோரி அடுக்களைக்குள் ஓடினான், அங்கே அவர் கால் நின்றது. ஹரிஷ் தொலைபேசியில் செய்திகளைப் பார்த்துவிட்டுத் தலையைத் தடவினான். “அமெரிக்காவுல இந்தச் சட்டம் சுருங்கினா இங்கயும் சுருங்குது அக்கா. முகத்தை மூடிக்கிட்டு வந்து கதவை உடைக்கிறாங்களாம், எழுதினதுக்கெல்லாம் பிடிச்சிட்டுப் போறாங்களாம்.” எழுதியதற்காக ஒருவரைக் கூட்டிப்போன செய்தி வந்த கிழமை சோபா இருந்த மூலை போனது, ஜோக்கிம் தம்பியைப் பற்றிய பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு வெளியே மழை வருமா என்று கேட்டார். கிறிகோரி ஒவ்வொரு காலையும் எல்லை எங்கே என்று பார்த்து இடியப்ப மாவால் கோடு போட்டான். அடுக்களையும் போன அன்று, எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் மறந்ததற்காக செலஸ்ரீனா அவனை ஏசினாள். மறுபடியும் ஏசினாள், சத்தம் வந்தது. மூன்றாம் தடவை ஏசத் தொடங்கி நிலத்தில் குந்தியிருந்து அழுதாள்.

கார்த்திகையில் பீடத்துக்கு முன்னாலுள்ள ஒரேயொரு தரைக்கல் மிஞ்சியது. ஒரு முழம் நீளம், ஒரு முழம் அகலம். மீசைக்காரரும் புதிதாக வந்த ஓர் இளைஞரும் காலை ஒன்பது மணிக்கு வந்து கதிரையில் இருந்தார்கள், கிறிகோரி கல்லில் நின்றான். அரச உத்தியோகம் ஆனதால் ஐந்து மணிக்குப் போய்விடுவார்கள், சனி ஞாயிறு வரமாட்டார்கள். அந்த நேரங்களில் அவன் காலை நீட்டிப் படுத்தான். செலஸ்ரீனா அவர்களுக்குப் பத்து மணிக்குத் தேத்தண்ணியும் வடையும் கொடுத்தாள். வீட்டுக்கு வந்தவரைச் சும்மா இருக்கவிட அவளுக்குத் தெரியாது. மீசைக்காரர் அடுத்த வருடம் ஓய்வு பெறப்போவதாகவும் தன் மகள் தன்னோடு சரியாகக் கதைப்பதில்லை என்றும் கிறிகோரியிடம் சொன்னார்.

அமலினிக்கும் யாழ்ப்பாணத்துப் பெடியன் ஜெனோஜனுக்கும் தை மாதம் ஒரு சனிக்கிழமை கல்யாணம் என்று முடிவாயிற்று. சனிக்கிழமை என்பதால் கிறிகோரி கல்லைவிட்டு இறங்கி, ஆறுதலாக ஆசீர்வதித்து, தேவாலயத்துக்கே போய்வரலாம் என்று ஒன்பது வருடத்தில் முதல் தடவையாகச் சப்பாத்துக்குப் பொலிஷ் போட்டான். இந்த இடத்தில்தான் செலஸ்ரீனா இரண்டாவது பிழையை விட்டாள். இரண்டு மாதமாகத் தன் வீட்டில் தேத்தண்ணி குடித்த இரண்டு பேருக்குக் கல்யாணக் கார்ட் கொடுக்காமல் விட அவளால் முடியவில்லை. தட்டில் வெற்றிலை வைத்து, குடும்பத்தோடு வரவேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். எங்கள் ஆட்களில் யார் என்றாலும் கொடுத்திருப்பார்கள். கிறிகோரிகூட அதை ஒரு பிழையாக நினைக்கவில்லை.

அவர்கள் வந்தார்கள். காலை எட்டரைக்கே, கோட்டுப் போட்டுக்கொண்டு, கடுதாசி சுற்றிய கோப்பிக் கோப்பைச் செட்டோடு வந்தார்கள். லீவு நாளென்றாலும் கண்முன்னால் நிற்பவனைப் பிடிப்பது அவர்கள் கடமை என்பதால், கிறிகோரி பொலிஷ் போட்ட சப்பாத்தோடு கல்லில் ஏறி நின்றான். அமலினி வெள்ளை உடுப்பில் வந்து கல்லுக்கு வெளியே முழந்தாளிட்டாள். பாவாடையின் வளையம் பெரிது, அதற்குமேல் கிட்ட வர இடமில்லை. “அப்பா, கையை நீட்டாதேங்கோ” என்றாள். “அப்பிடியே நிண்டு சொல்லுங்கோ, காணும். பஸ்தா, போதும்.” அவன் நீட்டப்போன கையை மடித்தான். பிறகு, “எத்தினை வருசமா இதுக்குத்தானே பிள்ளை நிண்டனான்” என்று சொல்லி, தீர்த்தத்தில் விரலைத் தொட்டுக் கையை நீட்டினான்.

முழங்கையிலிருந்து விரல் நுனிவரை இத்தாலி. இளைஞர் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்தபடியே சிலுவை முடியும்வரை காத்திருந்தார், அவ்வளவுக்கு மரியாதையான பிள்ளை. மீசைக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார். மேலிருந்து கீழே, இடமிருந்து வலம், இரண்டு கோடும் சரியாக விழுந்தன. பிறகு கிறிகோரியைக் கையால் இழுத்து இறக்கினார்கள். தேவாலயத்தில் பாதர் பதினொன்றரை வரை பார்த்துக்கொண்டிருந்தார், கடைசியில் ஜோக்கிம் அமலினியின் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். பன்னிரண்டாம் நாள் கிறிகோரி கொழும்புக்கு விமானம் ஏற்றப்பட்டான்.

இப்போது அவன் மன்னாரில் தமையன் வீட்டில் இருக்கிறான். ஞாயிறு தோறும் தொலைபேசியில் முகம் காட்டுவான். அமலினி கோப்பிக் கோப்பைகளைப் பாவிக்கவும் இல்லை, எறியவும் இல்லை. மீசைக்காரர் ஓய்வு பெற்றுவிட்டார், எப்போதாவது வந்து தேத்தண்ணி குடித்துவிட்டு, பீடத்துக்கு முன்னால் ஒருமுறை காலை வைத்துப் பார்ப்பார், இன்னும் நிற்கிறது. செலஸ்ரீனா அந்த இடத்தைச் சுற்றித்தான் தரை துடைப்பாள். பேச்சு முடியும் தறுவாயில் கிறிகோரி எப்போதும் ஒன்றே கேட்பான்: “கல்லு இப்ப எவ்வளவு கிடக்கு?”

அது தீப்பெட்டி அளவாகி மூன்று மாதம். “ஓம் அப்பா, அப்பிடியே கிடக்கு” என்பாள் அமலினி. “உங்கட ரெண்டு காலும் வைக்கலாம்.”