பால் சொட்டும் இடம்

"கத்தரிக்கோல் வேண்டாம், இப்படிக் குடுங்க" என்று அண்ணி கையை நீட்டினாள்.

சட்டையை வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டுக்காரர் குனிந்திருந்தார். கை மடங்காது, கழற்ற வராது என்பது அவர் கணக்கு. அண்ணி கத்தரிக்கோலை வாங்கி ஜன்னலில் வைத்துவிட்டு, கிடந்தவன் பக்கத்தில் உட்கார்ந்து முதல் பொத்தானில் விரலை வைத்தாள். அது அசையவில்லை. ஓட்டைக்குள் சிமெண்ட் புகுந்து இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டினாள். பொடிப்பொடியாக உதிர்ந்தது. அடுத்த பொத்தானிலும் அதே கதை.

கிடந்தவன் அவளுடைய கொழுந்தன். எந்நேரமும் சீட்டி அடித்துக்கொண்டு வேலை செய்வதால் விசில் என்று பெயர் விழுந்து, பெற்றவர்கள் வைத்த பெயர் எங்கோ போய்விட்டது. அவன் வாய் ஓயாமல் அண்ணி, அண்ணி என்று கூப்பிட்டதில் அவள் பெயரும் அதே மாதிரி தொலைந்தது. தெருவே அவளை அண்ணி என்றுதான் கூப்பிடும். நேற்று விடிந்ததும் அண்ணனும் தம்பியும் சேர்ந்து தளம் போடப் போனார்கள். அண்ணன் மேஸ்திரி, தம்பி அவர் கையாள். இன்று காலை ஆஸ்பத்திரி வண்டி தம்பியை வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து முன்னறையில் இறக்கிவிட்டுப் போயிற்று.

"மேல நின்னுட்டு இருந்தாருங்க. தலை சுத்துதுன்னாரு, உக்காந்தாரு, அப்படியே சாஞ்சிட்டாரு. அஞ்சே நிமிஷம், வண்டியில ஏத்திட்டோம். இதயம் நின்னு போச்சுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. யாரு என்ன பண்ண முடியும்?"

வாசலில் நின்றுகொண்டு சூப்பர்வைசர் இதை வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து ஒரு சொல் மாறவில்லை. கண்ணால் கண்டதைச் சொல்கிறவர்கள் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாற்றித்தான் சொல்வார்கள். ஒன்று கூடும், ஒன்று விட்டுப்போகும், நடுவில் தொண்டை அடைக்கும். பாடம் பண்ணியதைத்தான் இப்படி வழுக்காமல் ஒப்பிக்க முடியும். அண்ணிக்கு அங்கேதான் முதலில் நெருடியது.

கடைசிப் பொத்தானையும் விடுவித்துச் சட்டையை மெல்ல உருவினாள். பக்கத்து வீட்டுக்காரர் தோளைத் தூக்கிக் கொடுத்தார். சட்டை கைக்கு வந்ததும் மடியில் விரித்துப் பார்த்தாள்.

எத்தனையோ வருஷமாக அண்ணன் தம்பி இரண்டு பேர் துணியையும் துவைக்கிறவள் அவள். கான்கிரீட் வேலைக்காரன் துணியில் எங்கே கறை படும் என்று அவளைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். பேண்ட்டில் முழங்கால் வரைக்கும் சாம்பல் பூத்திருக்கும். சட்டையின் கீழ் ஓரத்தில், கை துடைத்த இடத்தில் பட்டையாக இருக்கும். மேலே தெறித்தால் சாய்ந்து, வால் நீண்டுதான் விழும். இது அப்படி இல்லை. நெஞ்சு நெடுக வட்ட வட்டமாக, தடித் தடியாக, ஒன்றின் மேல் ஒன்று. மேலேயிருந்து யாரோ கரண்டியால் நிதானமாக ஊற்றிய மாதிரி. கழுத்துப் பட்டையில், தோளில், எல்லாம் வட்டம். திருப்பிப் பார்த்தாள். முதுகில் ஒரு சொட்டு இல்லை. வெறும் மண்.

ஈரத் துணியை எடுத்து அவன் முகத்தைத் துடைத்தாள். ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே துடைத்திருந்தார்கள். ஆனாலும் புருவ முடிக்குள் ஒன்று ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. குழந்தைக்குப் பொடுகு எடுப்பதுபோல விரல் நுனியால் தேய்த்துத் தேய்த்து எடுத்தாள்.

இடுப்பு போகும் வரைக்கும் அவளும் சித்தாளாக வேலைக்குப் போனவள்தான். மேலே தளம் போட்டுக்கொண்டிருக்கும்போது கீழே, பலகையைத் தாங்கி நிற்கிற முட்டுக் கம்புகளுக்கு நடுவில் உட்கார்ந்துதான் பெண்கள் சாப்பிடுவார்கள். அந்த இடத்தை விட்டால் வேறு நிழல் கிடையாது. பலகை இடுக்கு வழியாகச் சிமெண்ட் பால் சொட்டும். சோற்றில் ஒரு சொட்டு விழுந்தால், யாரடி மோர் ஊத்தினது என்று சிரித்துக்கொண்டே தட்டைத் தூக்கிக்கொண்டு நகர்ந்து உட்காருவார்கள். அங்கேயும் சொட்டினால் அப்பால் நகருவார்கள். நகர முடிகிற யார் மேலும் ஒரு சொட்டுக்கு மேல் விழாது.

"ஏங்க, கொஞ்சம் வாங்களேன்."

மேஸ்திரி அடுப்படி வாசலில் சுவரோடு சுவராக நின்றிருந்தார். தம்பியை இறக்கியதிலிருந்து அவர் அந்த அறைக்குள் வரவில்லை. இப்போதும் நிலைப்படி வரைக்கும்தான் வந்தார்.

"எங்க விழுந்தான்?"

"மேலதான். அவர்தான் சொல்றாரே."

"அவர் சொல்றது காதுல விழுது. நான் உங்களைக் கேக்கறேன்."

"மேலதான்."

அவள் சட்டையைத் தூக்கிக் காட்டினாள். அவர் பார்வை அதன் மேல் பட்டு, சுவருக்குப் போயிற்று. அப்போதுதான் அவள் கவனித்தாள். இத்தனை வருஷத்தில் வெறுந்தலையோடு அவரைப் பார்த்தது குளிக்கும்போதுதான். தூங்கும்போதுகூடத் தலையில் கட்டுகிற துண்டு பக்கத்தில் இருக்கும்.

"துண்டு எங்க?"

"எங்கயோ விட்டுட்டேன். இப்ப துண்டுதான் முக்கியமா?"

சூப்பர்வைசர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். குரலில் அவ்வளவு பரிவு. "பழைய துணியெல்லாம் எதுக்கும்மா? பாக்கப் பாக்க உங்களுக்கும் கஷ்டம். கூடவே வெச்சு அனுப்பிடுங்க."

"துவைச்சு வெச்சுக்கறேன்."

"கறை போகாதும்மா இது."

"எது போகும், எது போகாதுன்னு எனக்குத் தெரியுங்க" என்றாள். சட்டையைச் சின்னதாக மடித்துத் தன் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள். சூப்பர்வைசர் மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி தரையைப் பார்த்தார். அந்தப் பார்வை இரண்டும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

போன வாரம் சாப்பிட உட்கார்ந்தபோது விசில் சொன்னது நினைவுக்கு வந்தது. "மேல நிக்கறது வாணலியில நிக்கற மாதிரி இருக்கு அண்ணி. ரெண்டு நாளா தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது."

"தண்ணி குடிக்கிறதுதானேடா?"

"தண்ணி டிரம் கீழ இருக்கு. ஒரு தடவை இறங்கி ஏறினா சூப்பர்வைசர் என் விசிலையும் சேர்த்து அவரே ஊதறாரு."

சிரித்தான். அவளும் சிரித்தாள். பிறகு தட்டில் குழம்பு ஊற்றிக்கொண்டே புருஷனிடம் சொன்னாள், அவனைக் கொஞ்ச நாள் கீழ் வேலையில் விடுங்களேன் என்று. மேஸ்திரி, பார்க்கலாம் என்றார். பேச்சுவாக்கில் அவள் கரண்டி நின்றுவிட்டது. விசில் தட்டைத் தட்டினான். "அண்ணி, நடுவுல நிறுத்தாதீங்க, ஜாயிண்ட் விழுந்துடும்."

அது மேஸ்திரியின் வேதவாக்கு. தளம் போட ஆரம்பித்தால் முடிகிற வரைக்கும் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் பழையதும் புதியதும் ஒட்டாது, அந்த இடத்தில் ஜாயிண்ட் விழும், பின்னால் ஒழுகும். மழை தூறினாலும் நிறுத்த மாட்டார். விசில் அதை எடுத்துச் சோற்றுக்கும் குழம்புக்கும் வைத்துக்கொண்டான்.

ஒன்பது மணி வாக்கில் வேலை ஆட்கள் வந்தார்கள். தலையைக் குனிந்துகொண்டு வந்து, நின்று, வெளியே போய்ச் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்தார்கள். சூப்பர்வைசர் அவர்களுக்கு நடுவில் போய் நின்றுகொண்டார். கூட வந்த சித்தாள்களில் கட்டைக்குரல் என்கிறவள் மட்டும் அண்ணியைக் கட்டிக்கொண்டு அழுதாள். தளத்துக்குத் தளம் கேட்கிற குரல் அவளுக்கு. இன்றைக்குப் பக்கத்தில் இருக்கிறவளுக்கே கேட்கவில்லை.

"ஒரு குடம் தண்ணி பிடிக்கணும், கூட வா" என்று அண்ணி அவளைப் பின்பக்கம் கூட்டிப்போனாள். குழாயைத் திறந்து குடத்தை வைத்தாள். தண்ணீர் சத்தத்தில் கேட்டாள்.

"எங்கடி படுக்க வெச்சீங்க?"

கட்டைக்குரல் குடத்தையே பார்த்தாள். "நிழல்ல அண்ணி."

"எந்த நிழல்ல?"

கட்டைக்குரல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மூச்சு இருந்துச்சா?"

"உடம்பு கொதிச்சுது. வேர்வையே இல்ல, காஞ்சு கெடந்தாரு. நான்தான் தண்ணி தெளிச்சேன். விசிறிட்டு இருந்தேன். அப்புறம் மேல ஆள் பத்தலன்னு கூப்பிட்டுட்டாங்க."

"யாரு கூப்பிட்டது?"

குடம் நிறைந்து வழிந்தது. கட்டைக்குரல் குனிந்து குழாயை மூடினாள். நிமிரும்போது அவள் கண் முன்னறைப் பக்கம் போய் வந்தது. முன்னறை வாசலில் சூப்பர்வைசரும் நின்றிருந்தார், மேஸ்திரியும் நின்றிருந்தார்.

"என்னைக் கேக்காதீங்க அண்ணி. அடுத்த தளத்துக்கும் நான் போகணும்."

குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவளே முன்னால் போய்விட்டாள்.

வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று சூப்பர்வைசர் அவசரப்படுத்தினார். இன்றைக்கு வெயில் ஏறக் கூடாது என்று இவருக்கு எவ்வளவு கவலை என்று அண்ணி நினைத்துக்கொண்டாள். புதுச் சட்டை போட்டார்கள். தூக்கும்போது மேஸ்திரி முன்னால் வந்து தலைப்பக்கம் தோள் கொடுத்தார். அவர் முகம் அந்தக் கணத்தில் ஏதோ ஒன்றைச் சொல்லிவிடப் போகிறதுபோல இருந்தது. பிறகு மூடிக்கொண்டது. தெரு முனை திரும்பும் வரைக்கும் அண்ணி வாசலில் நின்று பார்த்தாள். கூடப் போனவர்களில் ஒருத்தன் விசிலோடு சேர்ந்து சீட்டி அடித்த பழக்க தோஷத்தில் உதட்டைக் குவித்தவன், சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டான்.

வீட்டைக் கழுவிவிட்டாள். வந்திருந்தவர்கள் ஒவ்வொருத்தராகக் கிளம்பினார்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த பை ஒன்று மூலையில் கட்டியபடியே கிடந்தது. அவிழ்த்தாள். அவனுடைய சாப்பாட்டுப் பாத்திரம். திறக்கவே இல்லை, கனத்தது. ஒற்றைச் செருப்பு. இன்னொன்றைத் தேடிக் கையை விட்டபோது பலகை மாதிரி ஏதோ தட்டுப்பட்டது. இழுத்தாள்.

மேஸ்திரியின் துண்டு. நாலாக மடித்த மேனிக்கே கல்லாகி நின்றது. ஓரத்தில் அவள் கையால் போட்ட தையல். மேல் முகம் முழுக்கச் சட்டையில் இருந்த அதே வட்டங்கள், அப்பிக்கொண்டு, இடம் விடாமல். நடுவில் மட்டும் ஒன்றுமே விழாத ஒரு வட்டம் இருந்தது. ஒரு தலை அளவுக்கு.

காலையிலிருந்து அவள் சந்தேகம் சூப்பர்வைசரையே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. அவர் இப்படித் துண்டை நாலாக மடித்துத் தலைக்கு வைக்கிற ஆள் இல்லை. தலைக்கு நோகாமல் இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர்தான் வைப்பார். வைத்துவிட்டு, தளம் நடுவில் நிற்கக் கூடாதென்று ஏணியில் ஏறிப் போனார்.

மேஸ்திரி திரும்பிவந்து குளித்தார். பக்கத்து வீட்டில் சமைத்துக் கொடுத்திருந்தார்கள். அண்ணி எப்போதும்போல இரண்டு பேருக்கும் இடம் துடைத்தாள். ஓரிடத்தில் தட்டை வைத்தாள். விசில் உட்காரும் இடத்தில் துண்டை வைத்தாள்.

அவர் ஈரத் தலையோடு வந்து உட்கார்ந்தார். துண்டைப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை.

அவள் சோறு போட்டாள். குழம்பை மொண்டு ஊற்ற ஆரம்பித்தாள். பாதியில் கரண்டி நின்றது. சோறு பாதி நனைந்தும் பாதி வெள்ளையாகவும் கிடந்தது. அவர் காத்திருந்தார். கரண்டி அசையவில்லை. ஊற்று என்று அவர் கேட்கவும் இல்லை.

"அடுத்த தளம் எப்போ?"

"வர்ற வாரம்."

"கட்டைக்குரலும் வராளாமே."

அவர் தலையை ஆட்டினார்.

"அவளுக்கு மயக்கம் வந்தா எங்க படுக்க வெப்பீங்க?"

அவர் வலது கை தட்டுக்குப் போகாமல் பக்கத்து இடத்துக்குப் போயிற்று. தளம் போட்ட மறுநாள் யாரையும் ஏற விடுவதற்கு முன்னால் இறுகிவிட்டதா என்று பார்ப்பாரே, அதே மாதிரி இரண்டு விரலை வைத்துத் துண்டை அழுத்தினார். ஓரமெல்லாம் கல். விரல் நகர்ந்து நகர்ந்து நடு வட்டத்துக்கு வந்தது. அங்கே மட்டும் துணி துணியாகவே இருந்தது. அழுத்தியதும் உள்ளே குழிந்தது. விரலை அவர் எடுக்கவில்லை.