பல் டாக்டரின் பேட்டரி விளக்கு

ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் டாக்டர் காரை ஸ்டார்ட் செய்தார். டாஷ்போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது. எஞ்சின் ஓட ஆரம்பித்த பிறகும் அணையவில்லை.

"அண்ணனுக்கு ஒரு போன் போடுங்களேன்" என்றாள் மனைவி, சமையலறை ஜன்னலிலிருந்து.

"எதுக்கு? எனக்குக் கை இல்லையா?"

அண்ணன் என்பவர் டாக்டருக்கு மச்சான், பக்கத்துத் தெருவில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக். பல்வலி என்று போன வருடம் கிளினிக் நாற்காலியில் சாய்ந்தவர், வாய்க்குள் விரலை விட்டு, "இதுதான் மாப்ளே, கழட்டிடுங்க" என்றார். மச்சான் சொல்லைத் தட்டக்கூடாது என்று டாக்டரும் கழற்றிவிட்டார். வலித்தது பக்கத்துப் பல். ஸ்பார்க் ப்ளக்கைக் காட்டுவதுபோலக் காட்டியவர் மேல் தப்பா, எக்ஸ்ரே எடுக்காமல் பிடுங்கியவர் மேல் தப்பா என்று சொந்தக்காரர்கள் இன்னும் பேசி முடிக்கவில்லை. அதோடு விட்டிருக்கலாம். ஒரு கல்யாண வீட்டில் நாலு பேர் நடுவில் மச்சான், "எங்க மாப்ள நல்ல பல்லாப் பாத்துதான் பிடுங்குவாரு" என்று சொல்லித் தொலைத்தார்.

"இனிமே உங்க அண்ணன் கை என் வண்டி மேல படக்கூடாது" என்றார் டாக்டர். "மாப்ள தன் வாயால கூப்பிடாம அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்றார் மச்சான். இரண்டு பேருக்கும் ரோஷம் மூக்கு நுனியில்.

நடுவில் அகப்பட்டவள் மனைவி. அவள் அழவுமில்லை, சண்டை போடவுமில்லை. ஞாயிறுதோறும் பழக்கதோஷத்தில் மூன்று தட்டு எடுப்பாள். ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைப்பாள். அந்தச் சத்தம் டாக்டருக்குப் பிடிக்கவில்லை. அதைச் சொல்லவும் வழியில்லை.

பானட்டைத் திறந்தார். பேட்டரி முனைகளில் வெள்ளையாகப் பூத்திருந்தது. சொத்தை, வேறென்ன! கம்பிகளைக் கழற்றி, சோடா உப்புக் கரைசலும் பழைய டூத் பிரஷுமாகத் தேய்த்து, துடைத்து, திரும்ப மாட்டினார். எஞ்சின் ஓடியது. விளக்கு எரிந்தது.

மீட்டரை எடுத்து வந்து பேட்டரியில் வைத்தார். எஞ்சின் நின்றிருக்கும்போது பன்னிரண்டரை வோல்ட். நல்ல பேட்டரிதான். எஞ்சின் ஓடும்போது பதினாலு காட்ட வேண்டும். பன்னிரண்டைத் தாண்டவில்லை. ஆக, வலி ஓரிடம், காரணம் வேறிடம். இந்தத் தடவை அவசரப்படுவதாக இல்லை என்று அவர் தனக்கே சொல்லிக்கொண்டார். பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றுவது ஆல்டர்னேட்டர். எஞ்சினை நிறுத்தி, அதன் பெல்ட்டை அழுத்திப் பார்த்தார். விறைப்பாக இருந்தது. பல் பார்க்கும் வாய்க் கண்ணாடியை உள்ளே விட்டுப் பின்பக்கம் பார்த்தார்.

ஒயர் ப்ளக் ஒன்று கழன்று தொங்கியது.

பழக்கம் விடுமா? பஞ்சால் அதைச் சுத்தமாகத் துடைத்து மாட்டினார். க்ளிக். ஸ்டார்ட் செய்தார். விளக்கு போயே போச்சு! மீட்டரில் பதினாலு புள்ளி இரண்டு.

டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. "ஏய், இங்க வா!" என்று கத்த வாயைத் திறந்தவர், அப்படியே நின்றார். க்ளிக் என்று பூட்டிக்கொள்ளும் ப்ளக் தானாகவா கழலும்? கொக்கியை அமுக்கிப் பிடித்து இழுத்தால்தான் வரும். அப்படி ஒரு கொக்கி இருப்பதே அவருக்கு இன்றைக்குத்தான் தெரியும். இந்த வீட்டில் வேறு யாருக்குத் தெரியும்? அப்பாவின் ஒர்க்‌ஷாப் மாடியில் பிறந்து வளர்ந்தவளுக்குத் தெரியும்.

ஜன்னலைப் பார்த்தார். மனைவி ஒரே டம்ளரை வெகு நேரமாகக் கழுவிக்கொண்டிருந்தாள்.

டாக்டருக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு வெட்கமாகப் போய்விட்டது. அண்ணனை வீட்டுக்குக் கூப்பிடுங்கள் என்று வாய்விட்டுக் கேட்க முடியாமல் காரைக் கெடுத்திருக்கிறாள். தனக்கும்தான் அந்த மனிதர் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை விளங்கவில்லை.

எஞ்சினை நிறுத்தினார். கொக்கியை அமுக்கி ப்ளக்கைப் பிடுங்கினார். போனை எடுத்தார்.

"மச்சான், வண்டியில ஒரு லைட் எரியுது. கொஞ்சம் வீட்டுக்கு வாங்க."

போனை வைத்த சூட்டில் மச்சான் வந்துவிட்டார். இஸ்திரி போட்ட சட்டை. கையில் ஒரு ஸ்பேனர்கூட இல்லை.

"நீங்க எதுவும் பாத்தீங்களா மாப்ளே?"

"பாத்தேன். எனக்கு ஒண்ணும் தெரியல மச்சான்."

அந்த வாக்கியத்தை டாக்டர் எந்த நோயாளியிடமும் சொன்னதில்லை. மனைவியிடம் சொன்னதே இல்லை.

மச்சான் குனிந்தார். ப்ளக்கைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் ஒட்டியிருந்த பஞ்சு இழை ஒன்றை நகத்தால் எடுத்தார். டாக்டர் எதிர்வீட்டு மாடியைப் பார்த்தார். மச்சான் சிரிக்கவில்லை. ப்ளக்கைத் தொங்கியபடியே விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"பாப்பா!" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார். "பெரிய வேலையா இருக்கும்மா. சாயங்காலம் ஆயிடும்."

"இருந்து பாருண்ணே" என்றாள் அவள்.

டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிடுமா மச்சான்?"

"எங்க முடியும்?" என்றார் மச்சான், செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படி ஏறியபடி. "அடுத்த ஞாயித்துக்கிழமையும் வரணும் மாப்ளே."