பெலும் மூலையில் ரெமிஜியுஸ்

ரெமிஜியுஸ் தப்பான மூலையில் போய் நின்றான். அதனால் அவனுக்குக் கல்யாணம் ஆகாமல் போயிற்று.

தூத்துக்குடித் துறைமுகச் சாலையில், உப்பு மூட்டை அடுக்குகிற கிட்டங்கிக்கு மேல்மாடியில் இந்தோனேசிய மொழி வகுப்பு. அந்த நாட்டு நிலக்கரித் துறைமுகங்களுக்குக் கிரேன் ஓட்டப் போகிறவர்கள் படிக்கிறார்கள். ஜெசிந்தா டீச்சர் யாரையும் உட்கார விடமாட்டாள். அந்த மொழியில் வினைச்சொல் காலத்துக்காக வளைந்து கொடுக்காது. சாப்பிட்டவனுக்கும் 'மாக்கான்', சாப்பிடப் போகிறவனுக்கும் 'மாக்கான்'. காலத்தைப் பக்கத்தில் இன்னொரு சொல் வந்து சொல்லும். ஆகவே டீச்சர் நாலு மூலைக்கும் நாலு சொல்லைக் கொடுத்துவிட்டாள். 'சுடா' என்றால் ஆயிற்று. 'செடாங்' நடக்கிறது. 'அக்கான்' இனிமேல். 'பெலும்' இன்னும் இல்லை. அவள் வினையைக் கூவுவாள். அவனவன் ஓடி ஒரு மூலையைப் பிடிக்க வேண்டும். நின்றது நின்றதுதான். 'மாக்கான்' என்றபோது சுடா மூலைக்காரர்கள் ஏப்பம் விட்டார்கள். பெலும் மூலைக்காரர்களுக்கு வயிறு காய்ந்தது.

அடுத்து 'மெனிக்கா' என்றாள். கல்யாணம் செய்வது. சுடா மூலையில் ஒரே நெரிசல். ரெமிஜியுஸுக்கு இடிபட்டு நிற்பது ஆகாது. காற்று வருகிற மூலையாகப் பார்த்து நின்றான். அது பெலும். மணி அடித்துவிட்டது.

வீட்டுக்குப் போனான். செல்சியா கதவைப் பாதி திறந்தாள். பத்து வருஷத்துக்கு மேல் பெண்டாட்டியாக அவனுக்குச் சோறு போட்டவள்.

"யாரைப் பாக்க வந்திய, அண்ணாச்சி?"

அவள் கேட்டதில் தப்பில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டான். கொடுத்தாள். சுவரில் கல்யாணப் படம் இருந்தது. அதில் அவள் மட்டும் மாலையோடு நின்றாள். பக்கத்தில் ஆள் இல்லாததால் பின்னால் கட்டியிருந்த திரை முழுசாகத் தெரிந்தது. நல்ல பூப்போட்ட திரை. அதை அவன் அன்றைக்குத்தான் பார்த்தான்.

ஒரு வினையை வாரத்துக்கு ஒரு தடவைதான் கூவ முடியும் என்று டீச்சர் சொல்லிவிட்டாள். பங்குச் சாமியாரோ, பெண் சம்மதித்தால் மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண ஓலை வாசித்துக் கட்டிவைக்கலாம் என்றார். கப்பல் அதற்குள் போய்விடும். இரண்டு வருஷத்து வேலை. அந்த வீட்டை விட்டால் அவனுக்கு வீடு கிடையாது. அவளை விட்டால் ஆளும் கிடையாது. இதற்கிடையில் ஐஸ் கம்பெனி மேஸ்திரி ஒருவன் செல்சியாவைப் பெண் கேட்டு ஆள் அனுப்பியிருந்தான். கேட்கத்தானே செய்வான்.

ரெமிஜியுஸ் தான் கிரேன் ஓட்டுகிற துறைமுகத்துக் காண்டீனில் படுத்துக்கொண்டான். சாயங்காலம் சாயங்காலம் போய் அவள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். பேசினார்கள். கட்டிக்கொண்டிருந்த காலத்தில் அவ்வளவு பேசியதில்லை. கிரேனுக்கு மேலே இருந்து பார்த்தால் எங்க வீடு தெரியுமா என்று அவள் கேட்டாள். உங்க வீடு தெரியும், மாடியில் நீங்கள் துணி காயப்போடுவதும் தெரியும், நீலச் சேலை என்றால் நன்றாகவே தெரியும் என்றான். அவள் உள்ளே போய்விட்டாள். கொஞ்சம் கழித்துக் காப்பி வந்தது.

மறுவாரம் அவளும் வகுப்புக்கு வந்தாள். டீச்சர் 'மெனிக்கா' என்று கூவி வாயை மூடுமுன் ரெமிஜியுஸ் ரெண்டு பேரை முழங்கையால் தள்ளி சுடா மூலையைப் பிடித்துவிட்டான். அவனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. யாரோடு என்பதுதான் பாக்கி. செல்சியா அறை நடுவில் அப்படியே நின்றாள்.

"நடுவுல நிக்கக் கூடாதும்மா. அங்க காலமே கிடையாது," என்றாள் டீச்சர்.

செல்சியா அசையவில்லை. ரெமிஜியுஸைப் பார்த்துத்தான் பேசினாள்.

"கடலுக்கு அங்கிட்டு தனியாப் போற மனுசனுக்குப் பொண்டாட்டி எதுக்கு? போன தடவை கட்டும்போது கேக்காம விட்டுட்டேன். இப்பக் கேக்கேன்."

 அவனுக்கு மேஸ்திரி நினைவு வந்து தொலைத்தது.

"கம்பெனியில ஒரு கட்டில்தான் தருவானாம்," என்றான்.

"அது போதும்."

வகுப்பு முழுக்க விட்டத்தைப் பார்த்தது. அவள் மெதுவாக நடந்து சுடா மூலைக்கு வந்தாள். வந்து சேர்ந்தபோது கழுத்தில் தாலி கிடந்தது.

டீச்சருக்குப் பொறுமை ஏது. அடுத்த வினையைக் கூவினாள். 'பெர்கி'. போவது. கப்பலுக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்று எல்லாரும் அக்கான் மூலைக்கு ஓடினார்கள். ரெமிஜியுஸும் காலை எடுத்தான். செல்சியா அவன் சட்டையைப் பிடித்து நிறுத்திக்கொண்டாள்.

மற்றவர்கள் திரும்பிப் பார்த்தபோது சுடா மூலையில் யாரும் இல்லை; ரெண்டு பேரும் போயாயிற்று. அங்கே மட்டும் அந்த நாட்டு மழை பெய்துகொண்டிருந்தது. நனையாத இடமாகப் பார்த்துக் கட்டிலை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. டீச்சர் ஒருத்தனை வாளி எடுத்துவந்து வைக்கச் சொன்னாள். தரை உப்புக் கிட்டங்கியின் கூரை அல்லவா.

ஆக, காரியத்தை ஒழுங்காக முடித்தது டீச்சரும் இல்லை, சாமியாரும் இல்லை. செல்சியா.