இருட்டு காட்டும் வேலை

உலகத்து அதிசயங்கள் எல்லாம் நாத்தனார் வீட்டுச் சமையலறைச் சுவரில் தொங்கும். மாதத்துக்கு ஒன்று. பனிமலை, அருவி, சாய்ந்து நிற்கும் கோபுரம், பாலைவனத்தில் மலையைக் குடைந்த மாளிகை. வருடம் முடிந்தாலும் காலண்டரைக் கழற்ற மாட்டாள், அதன்மேலேயே அடுத்ததை மாட்டிவிடுவாள். நேரில் பார்த்தது என்று ஒன்றும் கிடையாது. தாயில்லாத தம்பியை வளர்த்து ஆளாக்குவதிலேயே அவள் காலம் ஓடிவிட்டது.

அந்தத் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவளோ, ஊர் உலகமெல்லாம் வண்டி பிடித்து வந்து பார்க்கிற சுண்ணாம்புக் குகையில் வழிகாட்டி. கல்யாணமான நாளிலிருந்து நாத்தனாரைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டாள். "காசு கொடுத்துப் பொந்துக்குள்ள போவாங்களா யாராவது?" என்று நாத்தனார் தட்டிக் கழித்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒருநாள், புதுச் செருப்பும் கைப்பையுமாக அவளே வந்து நின்றாள்.

வந்தவள் சும்மா வந்திருக்கலாம். குகை வாசலில் கூட்டம் கூடி நிற்கும்போது, "இவ என் தம்பி பொண்டாட்டிதாங்க. வீட்டுல லைட்டை அணைக்க மறந்துடுவா. இங்க லைட்டை அணைக்கிறதுக்குச் சம்பளம் வாங்குறா" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒரு போடு போட்டாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. வழிகாட்டியும் சிரித்தாள். முகம்தான் சிரித்தது. வயிறு எரிந்தது.

லைட்டை அணைப்பது உண்மைதான். குகையின் நடுவில் ஒரு பெரிய கூடம் உண்டு. கூரையிலிருந்து கல் விழுதுகள் தொங்கும். கீழே இரும்புக் கம்பித் தடுப்பு, தடுப்புக்கு அப்பால் ஆழம் தெரியாத நீர்ப்பள்ளம். அந்தக் கூடத்துக்கு வந்ததும் எல்லோரையும் செல்போனை உள்ளே வைக்கச் சொல்லி, கம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, வழிகாட்டி விளக்கை அணைப்பாள். வெளியில் எந்த அமாவாசையிலும் அப்படி ஓர் இருட்டு கிடையாது. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். மாடிப்படியில் இருப்பதுபோல அந்த விளக்குக்கு இரண்டு சுவிட்ச். பள்ளத்தில் இறங்கும் படிகளின் பக்கத்தில் ஒன்று, எதிர்க் கோடியில் இன்னொன்று. இங்கே அணைத்துவிட்டு, இருட்டிலேயே நடந்துபோய் அங்கே போடுவாள். நடக்கும்போது வாய் ஓயாமல் பேசிக்கொண்டே போவாள். அது வேடிக்கைக்காக இல்லை. வழிகாட்டியின் குரல் கேட்கிற வரைக்கும் கூட்டம் பயப்படாது, நின்ற இடத்தை விட்டு நகராது. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதான்.

அன்றைக்கு அவள் பேசவில்லை.

வேண்டுமென்றேதான். சுவிட்சை அணைத்தாள், வாயைப் பூட்டிக்கொண்டாள், பூனை மாதிரி நடந்தாள். ரப்பர் செருப்பு சத்தம் போடவில்லை. முதலில் கூட்டத்தில் கிசுகிசுப்பு. அப்புறம் அதுவும் அடங்கிவிட்டது. எங்கோ தண்ணீர் சொட்டியது. அந்த அமைதியில் நாத்தனாரின் குரல் மெல்ல வந்தது.

"ஏம்மா... எங்க இருக்க?"

வழிகாட்டிக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோயிற்று. வாசலில் என்ன பேச்சு பேசினீர்கள், இப்போது அனுபவியுங்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

"ஏய், பேசேன்..."

பேசவில்லை. எங்கோ ஒரு கல் உருண்டு பள்ளத்துத் தண்ணீரில் விழுந்தது. குகையில் கல் விழுவது புதிதல்ல என்பதால் அதை அவள் சட்டை செய்யவில்லை. எதிர்ச் சுவரைத் தொட்ட பிறகும் ஆசை அடங்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு விளக்கைப் போட்டாள்.

கூட்டம் பெருமூச்சு விட்டது. ஒன்றிரண்டு பேர் கை தட்டினார்கள். அவள் கண் நாத்தனாரைத் தேடியது. நின்ற இடத்தில் ஆளைக் காணோம்.

கம்பியை ஒட்டி ஒரு புதுச் செருப்பு மட்டும் கவிழ்ந்து கிடந்தது.

பம்ப் பார்க்கிற ஆட்கள் பள்ளத்தில் இறங்குவதற்கு அங்கே கல்லில் வெட்டிய படிகள் உண்டு. படிகளின் வாயிலில் ஒரு சங்கிலிதான் தடுப்பு. அந்தச் சங்கிலி கொக்கியிலிருந்து கழன்று தொங்கியது. இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

படிகள் பாசி பிடித்தவை. கொஞ்ச தூரம் போனதும் பாறைக்கு அடியில் திரும்பிவிடும், மேல் விளக்கு அங்கே எட்டாது. அப்புறம் படி தண்ணீருக்குள் முடிந்துபோகும். பம்ப் ஆட்களே இடுப்பில் கயிறு கட்டாமல் இறங்க மாட்டார்கள்.

கம்பியில் குனிந்து பார்த்தாள். பாறைக்குக் கீழே ஒரு செல்போன் வெளிச்சம் சுவரில் தடவித் தடவி நகர்ந்தது. திருப்பம் வரைக்கும் இருட்டிலேயே இறங்கி, அப்புறம்தான் போனை எடுத்திருக்க வேண்டும். உயிர் இருக்கிறது!

"அண்ணி!" என்று அலறினாள்.

அலறல் பள்ளத்துக்குள் போய், தண்ணீரில் மோதி, கீழேயிருந்து யாரோ கூப்பிடுகிற மாதிரி திரும்பி வந்தது.

"இதோ வந்துட்டேன்மா!" கீழேயிருந்து பதில் வந்தது. "அசையாம இரு! பயப்படாத!"

வெளிச்சம் இன்னும் கீழே இறங்கியது.

"மேல வாங்க அண்ணி! நான் மேல இருக்கேன்!"

வார்த்தைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வெறும் முனகலாகத் திரும்பின. கேட்டால் யாரோ தண்ணீரில் தத்தளிக்கிறார்கள் என்றுதான் தோன்றும். "வரேன், வரேன்!" என்றது நாத்தனாரின் குரல். வெளிச்சம் மறுபடியும் ஒரு படி இறங்கியது.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. நாத்தனார் தப்பி ஓடவில்லை, வழி தவறிப் போகவும் இல்லை. குரல் நின்றதும், கல் விழுந்த சத்தம் கேட்டதும், இவள்தான் பள்ளத்தில் விழுந்துவிட்டாள் என்று நினைத்துத் தேடிக்கொண்டு இறங்கியிருக்கிறாள். இனி இவள் ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் அவளைத் தண்ணீருக்குள் கூப்பிடுகிறாள் என்று அர்த்தம்.

கூட்டத்தில் ஒருவர், "அம்மா, மேல வந்துடுங்க!" என்று கத்த வாயெடுத்தார். அவர் வாயையே பொத்தினாள்.

"யாரும் மூச்சு விடக்கூடாது. கத்துனா அவங்க செத்துடுவாங்க. கம்பியை விடாதீங்க."

செருப்பை உதறிவிட்டுப் படியில் உட்கார்ந்தாள். குழந்தைகள் இறங்குவதுபோல உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கினாள். பாசி வழுக்கியது. ஒரு தடவை இரண்டு மூன்று படி சறுக்கி, பம்ப் குழாயைப் பிடித்து நின்றாள். உள்ளங்கை கிழிந்தது. கத்த முடியவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டாள். திருப்பம் தாண்டியதும் மேல் வெளிச்சம் அற்றுப்போனது. எதிரே நாத்தனாரின் முதுகு. முழங்காலளவு தண்ணீரில் நின்றுகொண்டு, ஒரு கையில் செல்போனைத் தூக்கிப் பிடித்து, இன்னொரு கையைத் தண்ணீருக்குள் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். "எங்கம்மா இருக்க? என் கையைப் புடி, கையைப் புடிம்மா" என்று அழுதாள். அடுத்த படி கிடையாது. கால் ஏற்கெனவே அதைத் தேடி நீண்டுவிட்டது.

பின்னாலிருந்து பாய்ந்து இடுப்பைக் கட்டிப்பிடித்தாள். இருவரும் படியில் மடேரென்று விழுந்தார்கள். செல்போன் தண்ணீருக்குள் போயிற்று. கீழே போகப் போக அதன் வெளிச்சம் கொஞ்ச நேரம் பச்சையாகத் தெரிந்தது. அப்புறம் ஒன்றுமில்லை.

இருட்டில் நாத்தனாரின் கைகள் அவள் தலையைத் தடவின. முகத்தை, தோளை, முதுகைத் தடவின.

"எங்க அடி? ரத்தம் வருதா? சொல்லும்மா!"

"எனக்கு ஒண்ணும் இல்ல அண்ணி. நான் விழவே இல்ல. மேலதான் நின்னேன்."

"பின்ன நான் கூப்பிட்டேனே, உனக்குக் கேக்கலையா?"

ஒரு பொய் போதும். கேட்கவில்லை என்று சொல்லிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் நாத்தனாரின் ஈரக்கை கன்னத்தில் இருந்தது.

"கேட்டுச்சு அண்ணி. கேட்டும் பேசாம இருந்தேன். நீங்க பயப்படணும்னு."

கன்னத்திலிருந்த கை இறங்கியது. நாத்தனார் தட்டுத் தடுமாறி எழுந்து, இவள் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு படி ஏறத் தொடங்கினாள். இவள் பின்னாலேயே தவழ்ந்தாள்.

"அண்ணி..."

நாத்தனார் அடுத்த படியைத் தடவி ஏறினாள்.

"அண்ணி, திட்டுங்க. ஏதாவது பேசுங்க அண்ணி, பயமா இருக்கு."

வெளிச்சம் வரும்வரை நாத்தனார் வாயைத் திறக்கவில்லை. மணிக்கட்டை விடவும் இல்லை.